நெற்றியில் ஒற்றிய கை

சம்பாலோக், பத்தங்காஸ், பிலிப்பைன்ஸ்
12 அக்டோபர் 1987

அன்பு மகள் எடித்தாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். உன் அம்மாவின் ரத்த அழுத்தம் மாத்திரைக்கு அடங்கியிருக்கிறது, அவள்தான் எனக்கு அடங்குவதில்லை. எனக்குக் கடைவாய்ப் பல் ஒன்று ஆடுகிறது. மற்றபடி நானும் என் ஜீப்னி வண்டியும் ஆள் ஏற்றிக்கொண்டு ஓடிக்கொண்டிருக்கிறோம். காலையில் இரண்டு பேருக்கும் தள்ளிவிட ஆள் வேண்டும். அந்த வெயிலில் நீ எப்படி இருக்கிறாய்?

முதலில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். உன் கடிதம் வந்தபோது நான் பெர்த்திங்கின் முடிவெட்டும் கடையில் கழுத்தில் துணியோடு உட்கார்ந்திருந்தேன். தபால்காரன் அங்கேயே கொண்டுவந்து கொடுத்தான். ரியாத்திலிருந்து மகள் எழுதியிருக்கிறாள் என்ற பெருமை எனக்கு. "சத்தமா படி, நாங்களும் கேக்குறோம்" என்றான் பெர்த்திங். முடிவெட்டக் காத்திருந்த மூன்று பேரும் பேச்சை நிறுத்தினார்கள். நானும் பூசையில் வாசகம் படிக்கிறவன் மாதிரித் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தேன். ஆஸ்பத்திரி, சாப்பாடு, பிறகு, "ருவேல் என்று ஒருவர், எக்ஸ்ரே பிரிவில் வேலை, நாங்கள் கல்யாணம் செய்துகொள்ள நினைக்கிறோம்." கடையே கைதட்டியது. பக்கத்தைத் திருப்பினேன். முதல் வரி, "அப்பா, இதை இப்போதைக்கு யாரிடமும் சொல்ல வேண்டாம்."

அதையும் சத்தமாகத்தான் படித்தேன், மகளே. ஆறாம் வகுப்போடு நின்றவனுக்கு வாய் முந்திக்கொள்ளும், கண் பின்னால்தான் வரும்.

அடுத்த வரியையும் படித்துவிட்டேன். "அவருடைய அம்மா மங்குபாத் குடும்பம், நம் ஊர்ப் பக்கம்தானாம்." பெர்த்திங்கின் கத்திரிக்கோல் நின்றது.

"எந்த மங்குபாத்?"

"மங்குபாத்துன்னு ஆயிரம் பேர் இருக்காங்கப்பா" என்றேன்.

அவன் கத்திரிக்கோலைக் கீழே வைத்தான். இடது பக்கம் முடித்திருந்தான். வலது பக்கத்தை அப்படியே விட்டுவிட்டுக் காபி குடிக்கப் போனவன் திரும்பி வரவே இல்லை. மிச்சத்தை உன் அம்மா வீட்டில் வெட்டினாள். இப்போது என்னைப் பார்த்தால் புயலில் சாய்ந்த தென்னை மாதிரி இருக்கும்.

பையன் எப்படி? குடிப்பானா? அங்கே குடிக்க வழியில்லை என்கிறார்கள். இங்கே வந்து என்னோடு ஒரு நாள் உட்காரட்டும், அப்போது தெரிந்துவிடும்.

நேரத்துக்குச் சாப்பிடு. ஆண்டவர் உன்னைக் காப்பாற்றட்டும்.

பாதி முடியோடு,
அப்பா மெலானியோ


ரியாத்
9 நவம்பர் 1987

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் சுகமாக இருக்கிறேன், வெயிலும் தணிந்துவிட்டது. ஆடுகிற பல்லை நாக்கால் தள்ளி விளையாடாமல் வைத்தியரிடம் காட்டிப் பிடுங்கிவிடுங்கள். அம்மாவுக்கு உப்பைக் குறைக்கச் சொல்லுங்கள்.

ஊருக்கே படித்துக் காட்டியதற்கு இரண்டு நாள் கோபமாக இருந்தேன். ருவேலிடம் சொன்னேன். "உங்க அப்பா ரேடியோ நிலையம் வச்சிருக்கார்னு சொல்லவே இல்லையே" என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு அவருடைய அம்மாவின் கடிதத்தைக் காட்டினார்.

அவர் பெயர் சலூத். நம் சம்பாலோக்கிலேயே பிறந்தவர், திபுர்சியோ மங்குபாத்தின் மகள். சண்டை முடிந்த வருடம், ஏழு வயதில், அம்மாவோடு படகேறி மிந்தோரோ தீவுக்குப் போனவர் இன்றுவரை திரும்பி வரவில்லை. ஜப்பான்காரன் ஊரைக் கூட்டிவைத்து ஆட்களைப் பொறுக்கியபோது தலையில் ஓலைப்பையைக் கவிழ்த்துக்கொண்டு ஆள் காட்டியது அவருடைய அப்பாதான் என்று ஊர் சொன்னதாம். ஊரே சேர்ந்து அவரைக் கொன்றதாம்.

நம் வழக்கப்படி மாப்பிள்ளை வீட்டார் சமைத்த சாப்பாட்டோடு பெண் வீட்டுப் படியேறி வந்துதானே கேட்க வேண்டும். அதற்கு அவர் எழுதியிருப்பது இது: "அந்த ஊர்க்காரங்க ஒரே ஒருத்தர் என் முகத்தப் பாத்து, உங்க அப்பா அதைச் செய்யலன்னு சொல்லட்டும். அன்னைக்கு நான் படியேறுறேன். இல்லேன்னா எனக்கு அந்த ஊர் மருமக வேண்டாம்." ருவேல் அம்மாவை மீற மாட்டார். மீறச் சொல்ல எனக்கும் மனமில்லை.

அப்பா, அப்போது உங்களுக்கு ஒன்பது வயது இருக்குமே. இந்தத் திபுர்சியோவை உங்களுக்குத் தெரியுமா? உங்கள் ஜீப்னியில் தினமும் எத்தனை கிழவர்கள் ஏறுகிறார்கள். கொஞ்சம் விசாரித்து எழுதுங்கள். அதோடு என்னுடைய ஞானஸ்நானச் சான்றையும் வைத்து அனுப்புங்கள், கல்யாணத்துக்குத் தேவைப்படும்.

உங்கள் ஆசீர்வாதத்தை எதிர்பார்க்கும்,
எடித்தா


சம்பாலோக்
2 டிசம்பர் 1987

அன்பு மகளுக்கு,

இங்கே எல்லாரும் நலம், பல் உட்பட. பிடுங்கப் போனேன், வாசலிலேயே வலி நின்றுவிட்டது, திரும்பிவிட்டேன்.

நீ சொன்னபடி உன் அப்பா துப்பறியக் கிளம்பினார். முன் சீட்டில் ஏறிய கிழவி ஒருத்தியிடம் சண்டைக் காலத்தைப் பற்றி மெல்ல ஆரம்பித்தேன். "முன்னாடி பாத்து ஓட்டுப்பா, அந்தச் சண்டையில தப்பிச்சவ ஓன் வண்டியிலயா சாகணும்" என்றாள். சந்தையில் கிழவர் ஹிலாரியோவைக் கேட்டேன். "எதுக்கு என்னைக் கேக்குற?" என்று திருப்பிக் கேட்டுவிட்டு மீனைப் பேரம் பேசப் போய்விட்டார். இவ்வளவுதான் என் துப்பு.

ஊரறிந்த கதையை எழுதுகிறேன். நாற்பத்தைந்து பிப்ரவரி. காலையில் சிப்பாய்கள் வந்து எல்லாரையும் கோயில் முற்றத்துக்கு ஓட்டினார்கள். பெண்கள் கோயில் வாசலில். ஆண்கள், பையன்கள் வரிசையாக ஓலைப்பைக்காரன் முன்னால் போக வேண்டும். பையில் கண்ணுக்கு இரண்டு ஓட்டை. அவன் தலையாட்டினால் அந்த ஆளைத் தென்னந்தோப்புப் பக்கம் கொண்டுபோவார்கள். இருபத்துமூன்று பேர் போனார்கள். பெர்த்திங்கின் அப்பாவும் அதில் ஒருவர். உன் தாத்தா அந்த டிசம்பரிலிருந்தே கெரில்லாக்களோடு மலையில் இருந்தார் என்பது உனக்கே தெரியும், அதனால் தப்பினார். வீட்டில் நானும் என் அம்மாவும்தான். ஒன்பது வயதில் என்ன தெரியும், மகளே? பசி தெரியும்.

பழைய கதையைக் கிளறி என்ன வரப்போகிறது? கல்யாணத்தை மணிலாவில் வைத்துக்கொள்வோம். சீனன் கடை ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன், மாடியில்தான் விருந்து. அங்கேயும் படி இருக்கிறது. அந்த அம்மாள் அதில் ஏறட்டும்.

நீ கேட்ட சான்றை உன் அம்மா பெட்டியிலிருந்து எடுத்து இந்த உறையிலேயே வைத்திருக்கிறாள். அங்கே கிறிஸ்துமஸ் எப்படியோ, மனதுக்குள்ளாவது பாடிக்கொள்.

அன்புடன்,
அப்பா


ரியாத்
2 ஜனவரி 1988

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்களுக்கும் அம்மாவுக்கும் புத்தாண்டு நல்லபடி அமையட்டும். இங்கே திரைச்சீலையை இழுத்துவிட்டுக்கொண்டு ஆறு நர்சுகள் கிசுகிசு குரலில் கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடினோம். எனக்குச் சளி பிடித்திருந்தது, இப்போது பரவாயில்லை.

அம்மாவை உடனே கண்ணாடி மாற்றச் சொல்லுங்கள். உறையில் வந்தது என் சான்று இல்லை. மெலானியோ மக்சீனோ, 1936 ஜனவரியில் ஞானஸ்நானம் பெற்றது, தகப்பன் யூசேபியோ. இது உங்களுடையது. கீழே இன்னொரு வரியும் இருந்தது. ஞானத்தகப்பன்: திபுர்சியோ மங்குபாத்.

இரண்டு முறை படித்தேன். பிறகு உங்கள் கடிதத்தை எடுத்துப் படித்தேன். ஹிலாரியோவை விசாரித்திருக்கிறீர்கள், பெயர் தெரியாத ஒரு கிழவியை விசாரித்திருக்கிறீர்கள். உங்களை விசாரித்தீர்களா, அப்பா?

நான் சண்டைக்கு வரவில்லை. உங்களைக் கோயிலில் கையில் ஏந்தி நின்ற மனிதரைத் தெரியுமா என்று கேட்டேன். நீங்கள் சீனன் கடைப் படியைப் பற்றி எழுதினீர்கள். ருவேலிடம் இந்தத் தாளை நான் இன்னும் காட்டவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

எடித்தா


சம்பாலோக்
6 பிப்ரவரி 1988

அன்பு மகளுக்கு,

பதில் தாமதமாகிவிட்டது, வண்டிக்கு உடம்பு சரியில்லை. எனக்கு ஒன்றுமில்லை. உன் சளி போய்விட்டதா?

ஆமாம், அவர் என் ஞானத்தகப்பன்.

குதிரைவண்டி ஓட்டினார். அவருக்கு ஞானப்பிள்ளைகள் பதினாலு பேர். கிறிஸ்துமஸ் காலையில் பதினாலு பேரும் அவர் வீட்டு வாசலில் வரிசையாக நிற்போம். அவர் மனைவி ஆளுக்கொரு தேங்காய்ப்பால் பிட்டு தருவாள். அவர் ஒவ்வொருவனையும் பெயர் சொல்லி அழைத்து, வேண்டுமென்றே தப்பாக அழைத்து, "நீ யாருடா, போன வருஷம் இவ்வளவு அசிங்கமா இல்லையே" என்பார். எனக்கு மட்டும் வண்டியின் கடிவாளத்தைப் பிடிக்கக் கொடுப்பார். கோயிலிலிருந்து ஆற்றுப்பாலம் வரை நான்தான் ஓட்டுவேன். உண்மையில் அந்தக் குதிரைக்கு வழி மனப்பாடம், நான் வெறும் பாரம். இன்றைக்கும் ஜீப்னியில் பாலம் வந்ததும் என் கை தானாக மெதுவாகிவிடும். பின்னால் வருகிறவன் திட்டுவான்.

சலூத் என்று ஒரு சின்னப் பெண் இருந்தாள். வண்டியின் பின்பக்கம் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டே வருவாள். அவ்வளவுதான் ஞாபகம்.

அவரா ஓலைப்பைக்குள் இருந்தார் என்று கேட்டால் நான் என்ன சொல்ல? கூட்டம் சொன்னது. அந்த மாதிரி நேரத்தில் கூட்டத்திடம் யார் எதிர்த்துப் பேசுவார்கள்?

இங்கே வேறு விசேஷம். கோயிலிலிருந்து பள்ளிக்கூடம் போகும் தெருவுக்கு உன் தாத்தா பெயர் வைக்கப்போகிறார்கள். "கெரில்லா வீரர் யூசேபியோ மக்சீனோ தெரு." ஏப்ரல் ஒன்பது, வீரர் நாளன்று. பலகைமேல் திரை போட்டிருப்பார்களாம், நான் கயிற்றை இழுக்க வேண்டுமாம். பேசவும் வேண்டுமாம். உன் அம்மா இப்போதே சட்டைக்குக் கஞ்சி போட்டுவிட்டாள்.

உன் சான்று இதனுடன் இருக்கிறது. இந்த முறை நானே பார்த்து வைத்தேன்.

ஆசீர்வாதங்களுடன்,
அப்பா


ரியாத்
27 பிப்ரவரி 1988

அன்புள்ள அப்பாவுக்கு,

சுகம். நீங்களும் அப்படியே இருக்க வேண்டுகிறேன்.

ருவேலிடம் தாளைக் காட்டினேன். உடனே அம்மாவுக்குத் தொலைபேசி செய்தார். மிந்தோரோவில் பக்கத்து வீட்டுக்கு அழைத்ததும் சலூத் அம்மாள் ஓடி வந்து பேசினார். என் குரலை முதல்முறையாகக் கேட்டார். "நீ மெலியோட மகளா? எங்க வண்டியில ஏறி குதிரைகிட்ட கதை சொல்லுவானே, அவன் மகளா?" என்றார். குரலில் கோபமே இல்லை, அப்பா. அதுதான் எனக்குத் தாங்க முடியவில்லை.

தன் அம்மா கோயில் வாசலில் நின்று பார்த்ததைச் சொன்னார். வரிசையில் ஒரு பையன் போனானாம். ஓலைப்பைக்காரன் முன்னால் வந்ததும், சாயங்காலம் பெரியவர்கள் வீட்டுக்கு வந்தால் நாம் செய்வோமே, அந்த மாதிரி அவன் கையை எடுத்துத் தன் நெற்றியில் ஒற்றிக்கொண்டானாம். யாரும் சொல்லவில்லை, பழக்கத்தில் செய்துவிட்டான். சிப்பாய்க்கு அது புரியவில்லை. ஊருக்குப் புரிந்தது. பைக்குள் இருப்பது அந்தப் பையனுக்கு வேண்டிய பெரியவர் ஒருவர். அதை வைத்துத்தான் அடுத்த மாதம் திபுர்சியோவைப் பிடித்தார்கள்.

"அந்தப் பையன் யாருன்னு எங்க அம்மா சாகுற வரைக்கும் சொல்லல. கொழந்தையைச் சொல்லி என்ன ஆகப்போவுதுன்னுட்டா" என்றார்.

பதினாலு ஞானப்பிள்ளைகளில் ஒருவன். அந்தப் பையன் யார், அப்பா?

எடித்தா


ரியாத்
8 ஏப்ரல் 1988

அன்புள்ள அப்பாவுக்கு,

ஆறு வாரமாகக் கடிதம் இல்லை. உடம்புக்கு ஏதாவதா? அம்மாவுக்காவது இரண்டு வரி எழுதத் தெரியுமே. நாளைக்குத் தெருவுக்குப் பெயர் வைக்கிறார்கள் என்பது ஞாபகம் இருக்கிறது.

எடித்தா


சம்பாலோக்
24 ஏப்ரல் 1988

அன்பு மகளுக்கு,

பயப்படாதே. கல் மாதிரி இருக்கிறேன், உன் அம்மா கல்லைவிடக் கெட்டி. தபால்தான் தாமதம்.

விழாவைக் கேள். பாண்டு வாத்தியம், பள்ளிப் பிள்ளைகள், மேயர், பங்குச்சாமி, எல்லாம் இருந்தது. கஞ்சி போட்ட சட்டைக்குள் நான் அட்டைப்பெட்டிக்குள் வைத்த கோழி மாதிரி நின்றேன். கயிற்றை இழுக்கச் சொன்னார்கள். இழுத்தேன். திரை வரவில்லை. "பலமா இழுங்க" என்றார் மேயர். பலமாக இழுத்தேன். திரை, பலகை, கம்பு எல்லாம் சேர்ந்து வந்துவிட்டது. உன் தாத்தா பெயர் மேயரின் புதுச் செருப்பின்மேல் விழுந்தது. பாண்டுக்காரர்கள் கண்ணை மூடிக்கொண்டு வாசிக்கிறவர்கள், அவர்கள் நிறுத்தவே இல்லை.

பிறகு பேசச் சொன்னார்கள். இரண்டு பக்கம் எழுதி வைத்திருந்தேன். எழுந்து நின்று "நன்றி" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். அடக்கமான மனுஷன் என்று எல்லாரும் முதுகில் தட்டினார்கள்.

கூட்டம் கலைந்த பிறகு பலகையைத் திரும்ப மாட்ட யாராவது வேண்டியிருந்தது. பெர்த்திங் ஏணியோடு வந்தான். அக்டோபருக்குப் பிறகு என்னோடு அவன் பேசியதே இல்லை. வாயில் ஆணியை வைத்துக்கொண்டு, "நேரா இருக்கா பாரு" என்றான். நேராக இருக்கிறது என்றேன். ஒவ்வொரு ஆணியாக அடித்தான். அவனுடைய அப்பாவைத் தோப்புப் பக்கம் கொண்டுபோன வழியும் அந்தத் தெருதான்.

பையன் யார் என்று கேட்டிருந்தாய். வரிசையில் பையன்கள் நிறைய, மகளே.

நேரத்துக்குத் தூங்கு.

அப்பா


ரியாத்
10 மே 1988

அன்புள்ள அப்பாவுக்கு,

நீங்களும் அம்மாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். இதை மூன்று தடவை எழுதிக் கிழித்தேன்.

தாத்தா இறந்தபோது எனக்கு எட்டு வயது. அவர் கையை நான் என் நெற்றியில் வைத்ததே இல்லை. கோயில் விட்டு வரும் வழியெல்லாம் பிள்ளைகள் கண்ணில் படுகிற பெரியவர் ஒருவரைக்கூட விடமாட்டோம், எல்லார் கையையும் எடுத்து ஒற்றிக்கொள்வோம். தாத்தாவிடம் போனால் மட்டும் அவர் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வார். "போ, போய் விளையாடு" என்பார். கூச்ச சுபாவம் என்று அம்மா சொல்வாள். நீங்களும் அவர் கையை எடுத்து நான் பார்த்ததில்லை. சவப்பெட்டியில் வைத்திருந்தபோது எல்லாரும் கையைத் தொட்டுக் கும்பிட்டார்கள். நீங்கள் காலடியில் நின்றீர்கள்.

அந்தப் பிப்ரவரியில் தாத்தா மலையில் இல்லை. அப்படித்தானே? அந்தப் பையன் நீங்கள்.

உங்கள்மேல் எனக்குக் கோபமில்லை, அப்பா. நீங்கள் ஒன்றும் செய்யவில்லை. தினமும் செய்கிறதைச் செய்தீர்கள். தாத்தா மலையில் இருக்கிறார் என்று எல்லாரும் நம்பிக்கொண்டிருந்ததால் அந்தக் கை ஞானத்தகப்பன் கை என்று கூட்டம் தப்பாக நினைத்துக்கொண்டது. அதற்கு ஒன்பது வயதுப் பிள்ளை என்ன செய்வான்? தாத்தாவைப் பிடித்து ஜப்பான்காரர்கள் என்னென்ன செய்து கொண்டுவந்து அங்கே நிறுத்தினார்களோ, அதையும் நினைத்துப் பார்க்கிறேன்.

ருவேலிடம் இன்னும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவர் நீங்கள். நானும் அவரும் மாறி மாறிக் கெஞ்சியதில் சலூத் அம்மாள் இறங்கி வந்துவிட்டார். "சின்னஞ்சிறுசுங்க என்ன பண்ணும்" என்று, கேட்டதை விட்டுக்கொடுத்து, ஜூன் பத்தொன்பது ஞாயிற்றுக்கிழமை ருவேலின் சித்தப்பாவோடு பெண் கேட்டு வருகிறார். அவர் விட்டுவிட்டார் என்பதற்காக நீங்களும் விட்டுவிடாதீர்கள். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிடுங்கள்.

அன்பு மாறாத,
எடித்தா


சம்பாலோக்
21 ஜூன் 1988

அன்பு மகள் எடித்தாவுக்கு,

உன் அம்மா நலம். முந்தாநாளிலிருந்து என்னோடு பேசவில்லை, மற்றபடி நலம். எனக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. உன் கல்யாணம் ஜனவரி பதினாலு என்று முடிவாகிவிட்டது. நல்ல செய்தியை முதலில் எழுதிவிட வேண்டும் என்று எழுதிவிட்டேன்.

பதினோரு மணிக்கு வந்தார்கள். சித்தப்பா கையில் ஒரு பானை, சலூத் கையில் ஒரு பானை, தலை நிறைய நரை. என்னைவிட இரண்டு வயது சின்னவள் என்று சொன்னால் நம்ப மாட்டாய். படிக்கட்டின் கீழே நின்று ஊரை ஒரு சுற்றுப் பார்த்தாள்.

"இவ்ளோ சின்ன ஊரா இது? எனக்குப் பெருசா ஞாபகம்."

"நாம சின்னவங்களா இருந்தோம்" என்றேன். "ஏறி வாங்க."

ஏறினாள். ஏழு படி. ஒவ்வொன்றிலும் இரண்டு காலையும் வைத்து ஏறினாள். மேலே வந்ததும் என் தலையைப் பார்த்து, "முடி யார் வெட்டினாங்க அண்ணே?" என்றாள். பெண்டாட்டிதான் என்றேன். "என்ன கோவமோ ஒங்க மேல" என்றாள். உன் அம்மா சிரித்துவிட்டாள். இரண்டு பெண்களும் உடனே கூட்டு சேர்ந்துவிட்டார்கள். கோழி நன்றாக இருந்தது. உன் மாமியார் கைக்கு நீ பயப்பட வேண்டாம், இஞ்சி மட்டும் அதிகம்.

காபி வந்தது. உன் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்திருந்தேன். தைரியத்துக்கு.

"சலூத், ஓலைப்பைக்குள்ள இருந்தது உங்க அப்பா இல்ல. எங்க அப்பா. அந்தக் கையை எடுத்த பையன் நான்தான்."

சித்தப்பா கோப்பையைக் கீழே வைத்தார். இந்த மனிதனுக்கா இருபத்தேழு வருடம் சமைத்துப் போட்டேன் என்று உன் அம்மா பார்த்தாள். சலூத் தண்ணீர் கேட்டாள். குடித்தாள். முழுசாகக் குடித்து முடித்துவிட்டுக் கேட்டாள்.

"ஒரு கைதானே அண்ணே. அது ஒங்க அப்பா கையா இருக்கலாம், எங்க அப்பா கையா இருக்கலாம். எங்க அப்பா கைதான்னு முடிவு பண்ணது யாரு?"

"கூட்டம்" என்றேன்.

"கூட்டமா?"

"கூட்டந்தான் சலூத். எங்க அப்பா மலையில இருக்காருன்னு எல்லாரும் நெனச்சாங்க."

அவள் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். பிறகு என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதாள். "நாப்பத்திமூணு வருஷம். ஒருத்தர் வாயில இருந்து வந்துச்சே. நீங்க நல்லா இருக்கணும் அண்ணே. கொழந்தை நீங்க, ஒங்களுக்கு என்ன தெரியும்." மகளே, அவள் எனக்கு நன்றி சொன்னாள். சித்தப்பாவும் எழுந்து வந்து என் தோளைத் தொட்டார். அந்த வீட்டில் அந்த நேரத்தில் என்னைவிட யோக்கியன் ஒருவனும் இல்லை.

நாள் குறித்தோம். கிளம்பினார்கள். படியில் இறங்கியவள் மூன்றாவது படியில் நின்று திரும்பினாள்.

"கடைசியா எங்க அப்பா ஏதாவது சொன்னாரா அண்ணே? அம்மாவைக் கிட்ட விடல. சாகுற வரைக்கும் அது ஒன்னத்தான் கேட்டுக்கிட்டிருந்தா. யாருக்காவது தெரியுமா?"

"நான் அங்க இல்ல" என்றேன்.

அவள் போய்விட்டாள்.

நீ எழுதியிருந்தாய், நீங்கள் ஒன்றும் செய்யவில்லை, கூட்டம் தப்பாக நினைத்துக்கொண்டது என்று. அதைத்தான் நான் சலூத்திடம் சொன்னேன். உன் வார்த்தை எனக்கு வசதியாக இருந்தது.

கூட்டம் ஒன்றும் தானாக நினைக்கவில்லை. மார்ச்சில் கெரில்லாக்கள் ஐந்து பேர் துப்பாக்கியோடு வந்தார்கள். கோயில் வாசலில் என்னை நிறுத்தி, "யார் கைடா அது?" என்று கேட்டார்கள். மிரட்டவில்லை. ஒருவன் குந்தி உட்கார்ந்து என் உயரத்துக்கு வந்து கேட்டான். பின்னால் என் அம்மா நின்றாள். அவள் கை என் தோளில் இருந்தது. அவள் அழுத்தினாள், அதனால் சொன்னேன் என்றுதான் இத்தனை வருடமும் எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன். அழுத்தவில்லை. கை சும்மாதான் இருந்தது. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். "எங்க ஞானத்தகப்பன்" என்று சொன்னேன். கேட்டதும் சட்டென்று வந்தது. அப்பாவைக் காப்பாற்றுகிறேன் என்று கெட்டிக்காரத்தனமாக வேறு நினைத்துக்கொண்டேன்.

பெர்த்திங்குக்குத் தெரியும், ஹிலாரியோவுக்குத் தெரியும், ஊருக்கே தெரியும், நான் சொன்னது. அது பொய் என்று மட்டும் யாருக்கும் தெரியாது.

அவரை வண்டியோடு பிடித்துக்கொண்டு வந்தார்கள். பள்ளிக்கூடத்துப் பலாமரத்தில் கட்டினார்கள். அடையாளம் காட்ட வேண்டும் என்று என்னை முன்னால் நிறுத்தினார்கள். யார் சொன்னது என்று அவருக்குத் தெரிந்துபோயிற்று. அது யார் கை என்றும் தெரிந்திருக்கும், என் அப்பாவும் அவரும் சின்ன வயதிலிருந்து ஒன்றாகத் திரிந்தவர்கள். அவர் என் அப்பா பெயரைச் சொல்லவில்லை. நான் இல்லை என்றுகூடச் சொல்லவில்லை. என்னைப் பார்த்தார். பிறகு அந்த ஐந்து பேரைப் பார்த்து ஒன்று சொன்னார். அவர் மனைவி சாகும்வரை கேட்டது அதைத்தான், நேற்று முன்தினம் அவர் மகள் என் வீட்டுப் படியில் நின்று கேட்டதும் அதைத்தான். அதைச் சொன்னால் நான் அங்கே ஏன் நின்றேன் என்று அவள் கேட்பாள். அதனால் சொல்லவில்லை.

"மெலியை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்கப்பா. சின்னப் பையன், இதெல்லாம் பாக்கக் கூடாது."